வாசகர் கேள்வி–பதில்: படகின் போர்ட்ஹோலுக்கு எந்த சீலன்ட்?

போர்ட்ஹோல் எனப்படும் சிறு சாளரம் உள்ளிட்ட படகுச் சாளரங்களில் தண்ணீர் கசிவது குறித்தும், அதைத் தடுக்க இடைவெளியில் நிரப்பும் சீலன்ட் குறித்தும் அண்மையில் வந்த கடிதங்கள் இந்த இதழில் ஒன்றாகத் தரப்படுகின்றன. பருவமழைக்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டும் என்று பலர் எழுதியிருப்பதால், முதல் கேள்விக்கான பதில் சற்று நீண்டிருக்கிறது.

கேள்வி (சென்னை வாசகர்): முப்பது அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். கேபினின் இருபுறமும் அலுமினியச் சட்டத்தில் பொருத்திய நீளமான அக்ரிலிக் சாளரங்களும், முன்பகுதியில் திறந்து மூடக்கூடிய வெண்கலப் போர்ட்ஹோல்களும் உள்ளன. மழை பெய்தால் எல்லாவற்றின் கீழும் தண்ணீர் நிற்கிறது. ஹார்டுவேர் கடைக்காரர் சிலிகான் போதும் என்கிறார். படகு கட்டும் மேஸ்திரி, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்டிலேயே மிகப் பலமானதான த்ரீ எம் 5200-ஐ வைத்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை என்கிறார். நண்பர் ஒருவர் பியூட்டைல் டேப் தருவித்துத் தருவதாகச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த மூன்று பொருட்களும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு உரியவை. ஒரே படகில் இரண்டு மூன்று வகை சீலன்ட் தேவைப்படுவது இயல்புதான். உங்கள் படகுக்கும் அதுவே தேவை. எது அதிகப் பலமானது என்று கேட்பதைக் காட்டிலும், அந்த இணைப்பைத் தாங்கிப் பிடிப்பது எது என்று முதலில் பாருங்கள். சட்டத்தை போல்ட்டும் நட்டும் பிடித்திருக்கின்றன என்றால், சீலன்ட் எதையும் தாங்க வேண்டியதில்லை. இடைவெளியை நிரப்பித் தண்ணீரைத் தடுத்தால் போதும். சட்டமே இல்லாமல் கேபின் சுவரின் மேல் நேரடியாக ஒட்டப்பட்ட சாளரத்தில்தான் சீலன்ட் பசையாகவும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுடையவை முதல் வகையைச் சேர்ந்தவை.

எதையும் கழற்றுவதற்கு முன் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். படகில் தண்ணீர் நுழையும் இடம் வேறு, சொட்டும் இடம் வேறு. உள்ளே ஒருவர் உலர்ந்த டிஷ்யூ தாளுடன் இருக்க, வெளியே மற்றொருவர் குழாய்த் தண்ணீரை அழுத்தமில்லாமல் சாளரத்தின் கீழ்விளிம்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா விளிம்புகளும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். எது குற்றவாளி என்று தெரியாது. அலுமினியச் சட்டம் உள்ள சாளரத்தில் இணைப்புகள் இரண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்: சட்டத்துக்கும் கேபின் சுவருக்கும் இடையிலானது ஒன்று, அக்ரிலிக் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலானது மற்றொன்று. இரண்டிலும் சேர்ந்திருக்கும் பொருட்கள் வேறு, அவற்றின் அசைவும் வேறு என்பதால், இரண்டுக்கும் ஒரே டியூபை நீட்டுவது தவறு.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உங்கள் நண்பர் சொல்லும் பியூட்டைல் டேப்பையே நான் பரிந்துரைப்பேன். அது ஒருபோதும் இறுகாது; பிசைந்த மைதா மாவைப் போல என்றும் இளக்கமாகவே இருந்து, சட்டமும் சுவரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது கூடவே இழுபட்டுக் கொடுக்கும். பத்தாண்டு கழித்துச் சட்டத்தைக் கழற்ற நேர்ந்தாலும், நட்டுகளை எடுத்துவிட்டு மெல்ல நெம்பினால் ஃபைபருக்குச் சேதமில்லாமல் வந்துவிடும். ஆனால் அதைப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பு முழுவதும் ஒரு சுற்று ஒட்டி, ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் மெல்லிய திரியாக உருட்டிச் சுற்றி, போல்ட் துளையின் வெளிவாயை லேசாகச் சரித்துக் குடைந்து விட்டால், இறுக்கும்போது டேப் அந்தக் குழிக்குள் இறங்கி ஒரு வளையமாக நின்றுகொள்ளும். ஒரே மூச்சில் இறுக்கிவிடக் கூடாது. முதல் நாள் டேப் விளிம்பில் எட்டிப்பார்க்கும் வரை இறுக்கி, பிதுங்கியதை நறுக்கிவிட்டு, அடுத்த சில நாட்களில் வெயில் ஏறிய பின் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் நட்டை மட்டுமே திருப்புங்கள். போல்ட்டைத் திருப்பினால் அதன் கழுத்தில் பதிந்த அடைப்பு பிய்ந்துவிடும். சென்னை வெயிலில் முதல் கோடை முழுவதும் டேப் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி, அதில் தூசி ஒட்டிக் கருப்புக் கோடாகத் தெரியும். அது குறைபாடு அல்ல. பிளாஸ்டிக் துண்டால் வழித்து எடுத்துவிடலாம். டீசலும் பெட்ரோலும் பியூட்டைலைக் கரைக்கும் என்பதால், எரிபொருள் நிரப்பும் வாயருகே மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் மேஸ்திரி சொன்ன 5200 நல்ல பொருள்தான். ஆனால் அது படகின் உடற்பகுதியையும் மேல்தளத்தையும் இணைப்பது போன்ற, இனி ஒருபோதும் பிரிக்கப் போவதில்லை என்ற இடங்களுக்கு உரிய பாலியூரித்தேன் பசை. அதை வைத்து ஒட்டிய சட்டத்தைப் பிறகு கழற்ற முற்பட்டால், பசை விடுவதற்கு முன் ஃபைபரின் ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு பெயர்ந்து வரும். மெல்லிய அலுமினியச் சட்டம் வளைந்தே போகும். சாளரச் சட்டம் என்றைக்காவது கழற்றப்பட வேண்டிய பொருள், ஏனெனில் அக்ரிலிக் பலகைக்கு வெயிலில் ஆயுள் குறைவு. மிகப் பலமானதே மிக நல்லது என்ற நம்பிக்கையால் பாழான சாளரங்கள் ஏராளம் என்பதால் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். பாலியூரித்தேன்தான் வேண்டும் என்றால், அதே நிறுவனத்தின் 4200 போன்ற நடுத்தரப் பிடிப்புள்ளதைப் பாருங்கள்; ஆனால் போல்ட் பிடித்திருக்கும் சட்டத்துக்கு அதுவும் தேவையில்லை.

இனி, அக்ரிலிக்கும் சட்டமும் சந்திக்கும் இடம். பெரும்பாலான கசிவுகள் இங்கேதான் பிறக்கின்றன, காரணம் வெப்பம். ஒரு மீட்டர் நீள அக்ரிலிக், வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும். உங்கள் சாளரம் 600 மில்லிமீட்டர் நீளம் என்றும், கருநிறம் கலந்த பலகை அதிகாலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அது நாள்தோறும் 1.7 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அலுமினியமும் ஃபைபரும் நீளும்தான், ஆனால் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மிச்சமிருக்கும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு, பாதி பாதியாக இரு முனைகளிலும் விழுகிறது. இறுக்கிப் பிழிந்துவிட்டதால் அங்கே சீலன்ட் 0.3 மில்லிமீட்டர் படலமாக மட்டுமே இருந்தால், அது தன் தடிமனைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தூரம் பக்கவாட்டில் இழுபட வேண்டும். எந்த சீலன்டும் அதைப் பல நாள் தாங்காது. அதே இடத்தில் 3 மில்லிமீட்டர் தடிமன் விட்டிருந்தால், தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அசைவு அடங்கிவிடும். ஆகவே எந்த சீலன்ட் என்பதற்கு நிகராக எவ்வளவு தடிமன் என்பதும் முக்கியம். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் அல்லது நுரைத் துண்டுகளை மூலைகளில் வைத்துப் பலகையை அமர்த்தினால் இந்தத் தடிமன் தானாகக் கிடைத்துவிடும்; பலகையின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் இடையேயும் அது நீள்வதற்கு இடம் விடுங்கள்.

இந்த இணைப்புக்கு நியூட்ரல் க்யூர் எனப்படும் அமிலமற்ற சிலிகானே ஏற்றது. உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களை ஒட்டுவதற்கென்று வந்த டவ்சில் 795 போன்றவற்றைப் படகுக்காரர்கள் உலகெங்கும் அக்ரிலிக் சாளரங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். இணைப்பின் அகலத்தில் பாதியளவு விரிவையும் சுருக்கத்தையும் தாங்கும் என்று அதற்குத் தரக்குறிப்பு இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிரும் சிலிகானை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. கடைக்காரர் கையில் இருக்கும் மலிவான சிலிகான் பெரும்பாலும் அசிட்டாக்சி வகையாக இருக்கும். டியூபை வெட்டியதும் வினிகர் வாடை மூக்கைத் துளைத்தால் அதுவேதான். இறுகும்போது வெளிவரும் அந்த அசிட்டிக் அமிலம் வெண்கலம், செம்பு, இரும்பு ஆகியவற்றை அரிக்கும். குளியலறைத் தொட்டிக்கு அது போதும், படகுக்கு வேண்டாம்.

அக்ரிலிக்கிலும் பாலிகார்பனேட்டிலும் ஒருபோதும் படக்கூடாதது பாலிசல்பைடு என்ற மற்றொரு வகை சீலன்ட். அதிலுள்ள கரைப்பான்கள் இந்த பிளாஸ்டிக்குகளைத் தாக்கி, மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கிப் பலகையை நொறுங்கச் செய்யும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சட்டங்களுக்கும் இதே கதிதான். பாலியூரித்தேன்களிலும் கவனம் தேவை. பரவலாகக் கிடைக்கும் சிக்காஃப்ளெக்ஸ் 291ஐ என்பது அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற வெடிப்பு விழக்கூடிய பிளாஸ்டிக்குகளுக்கு ஏற்றதல்ல என்று அதன் தரக்குறிப்பிலேயே இருக்கிறது. அதே நிறுவனம் பிளாஸ்டிக் சாளரங்களுக்கென்றே 295 யூவி என்ற தனி வகையைத் தயாரிக்கிறது. அதற்கு உரிய பிரைமரையும் பூச வேண்டும்.

வெண்கலப் போர்ட்ஹோல்களின் கதை வேறு. அங்கே உலோகமும் ஃபைபரும் சேர்கின்றன, பிளாஸ்டிக் இல்லை, சூட்டில் பெரிய அசைவும் இல்லை. எனவே பாலிசல்பைடு அங்கே மிகப் பொருத்தம்: உலோகத்தில் நன்றாகப் பிடிக்கும், ரப்பர் போல வளையும், பிற்காலத்தில் கத்தியால் அறுத்துப் பிரிக்கவும் விடும். மெதுவாக இறுகுவது ஒன்றே அதன் குறை. ஒரு வாரமேனும் தொடாமல் விட வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் இங்கேயும் பியூட்டைலே வைக்கலாம். கட்டடங்களின் விரிவிணைப்புகளுக்கென்று இரண்டு டப்பாக்களில் வரும் பாலிசல்பைடை வாங்கும் எண்ணமிருந்தால், உப்புநீரில் பயன்படுத்தலாம் என்று உறையில் எழுதியிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சட்டத்தை எடுத்ததும் சுவரில் வெட்டப்பட்ட துளையின் ஓரத்தைப் பாருங்கள். பல ஃபைபர் படகுகளில் கேபின் சுவர் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ வைத்துச் செய்யப்பட்டிருக்கும். கட்டியவர்கள் அந்த ஓரத்தை மூடாமல் விட்டிருந்தால், ஆண்டுக்கணக்கில் கசிந்த தண்ணீர் பால்சாவை ஊறவைத்து மக்கச் செய்திருக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் பழுப்பு நிறத்தில் ஈரச் சக்கையாக உதிர்வதே அதன் அடையாளம். அந்த நிலையில் எந்த சீலன்டும் உதவாது. மக்கியதைத் தோண்டி எடுத்து, பல நாட்கள் உலரவிட்டு, கெட்டியாக்கிய எப்பாக்சியால் ஓரத்தையும் போல்ட் துளைகளையும் நிரப்பி, அது இறுகிய பின் துளைகளைப் புதிதாகப் போட வேண்டும். மரம் நன்றாக இருந்தாலும் இந்த எப்பாக்சி அடைப்பைச் செய்துவிடுவதே முறை. அதன் பின் என்றாவது சீலன்ட் தோற்றுப்போனாலும் தண்ணீர் சுவருக்குள் இறங்காது.

வேலைக்கு உகந்த நேரம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள். பாலியூரித்தேனும் சிலிகானும் காற்றின் ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகின்றன என்பதால் சென்னையின் புழுக்கம் அவற்றுக்கு உதவியே செய்யும். ஆனால் ஒட்டும் பரப்பு முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். அதிகாலையில் ஃபைபரின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். நண்பகலிலோ சூடேறிய சட்டத்தின் மேல் சீலன்ட் பரப்பி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் நிழல் விழுந்த பக்கத்தைச் செய்வதே நல்லது. அக்ரிலிக்கைத் துடைக்க அசிட்டோனையோ தின்னரையோ தொடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஃபைபரையும் வெண்கலத்தையும் அசிட்டோனால் துடைக்கலாம்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): எங்கள் விசைப்படகின் வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) முன்கண்ணாடிகளை பி.யூ. சீலன்ட் வைத்து ஒட்டினோம். இரண்டு ஆண்டுகளில் ஓரமெல்லாம் விட்டுவிட்டது. அலை அடித்தால் உள்ளே தெறிக்கிறது. சீலன்ட் தரமற்றதா?

பதில்: சீலன்டைக் குறைசொல்வதற்கு முன் கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். பேருந்து, கார் ஆகியவற்றின் முன்கண்ணாடியில் ஓரமெங்கும் கருப்புப் பட்டை ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடியில் சுட்டுப் பதித்த அந்தப் பூச்சு, கண்ணாடியை ஊடுருவி வரும் புறஊதாக் கதிர் பசையின் மேல் படாமல் காக்கிறது. உங்கள் கண்ணாடி கடையில் வெட்டி வாங்கிய தெளிவான கண்ணாடியாக இருந்தால், வெளியிலிருந்து வரும் வெயில் நேராகப் பசையும் கண்ணாடியும் சேரும் பரப்பில் விழுந்து, அந்தப் பிடிப்பை நாள்தோறும் தின்றிருக்கும். வெளியே பார்க்கப் பசை நன்றாகவே இருக்கும். கண்ணாடியிலிருந்து மட்டும் உரிந்து வரும். உங்கள் படகில் உரிந்த துண்டின் கண்ணாடிப்பக்கம் வழவழப்பாக இருந்தால் காரணம் இதுவே.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நியூட்ரல் சிலிகானுக்கு மாறலாம். அது கண்ணாடியோடு நன்கு சேரும், வெயிலையும் தாங்கும். அல்லது பி.யூ. சீலன்டையே வைத்துக்கொண்டு, கண்ணாடியின் ஓரத்தில் அந்த நிறுவனம் பரிந்துரைக்கும் கருப்பு பிரைமரைப் பூசி, வெளியே ஓர் உலோகப் பட்டியால் மூடலாம். எஞ்சின் அதிர்வு ஓயாத படகு என்பதால் இங்கே தடிமன் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

ஆனால் கடலுக்குப் போகும் தொழில்படகுக்கு நான் விரும்பிப் பரிந்துரைப்பது பழைய முறையையே: பேருந்துகளில் பயன்படும் ரப்பர் பீடிங்கில் கண்ணாடியை உட்கார்த்தி, ரப்பரின் பள்ளத்துக்குள் இறுகாத வகை சீலன்டை மெல்லிய கோடாக விடுவது. கண்ணாடி உடைந்தால் ஓர் அரைநாளில் கரையிலேயே மாற்றிவிடலாம். பசை காய்வதற்காகப் படகைக் கட்டிவைக்க வேண்டியதில்லை. கண்ணாடி கட்டாயம் டெம்பர்டு அல்லது லேமினேட்டடு வகையாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் சுக்கானைப் பிடித்திருப்பவரின் முகத்தின் மேல் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (போர்ட் கிள்ளான் வாசகர்): எங்கள் படகை முன்பு வைத்திருந்தவர், கசிந்த இடமெல்லாம் சிலிகானைப் பூசி வைத்திருக்கிறார். அதன் மேல் வேறு எதுவும் ஒட்ட மறுக்கிறது. எந்தக் கரைப்பானால் அதை நீக்கலாம்?

பதில்: இறுகிய சிலிகானை முழுவதுமாகக் கரைத்து எடுக்கும் கரைப்பான் எதையும் நம்பி வேலையில் இறங்க வேண்டாம். கடையில் விற்கும் நீக்கிகள் அதை இளக்கித் தருமே தவிர, பரப்பில் ஊறிய மிச்சத்தை எடுத்துவிடுவதில்லை. அந்த மிச்சத்தின் மேல் பெயின்டும் ஒட்டாது, பாலியூரித்தேனும் ஒட்டாது. புதிய சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. கசிவின் மேல் சிலிகானை வெளியிலிருந்து பூசுவது அடுத்து வருபவருக்கும் வழியை அடைத்துவிடும் செயல் என்பதால், யாரும் அதைச் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுரண்டுவதுதான் வழி. முதலில் கத்தியால் தடித்த பகுதியை அறுத்தெடுங்கள். பிறகு பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்லிய படலத்தை உருட்டி உருட்டி எடுங்கள். ஃபைபர் பரப்பாக இருந்தால் கடைசியில் நைசான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைத் திருப்பித் திருப்பிப் புதிய பக்கத்தால் துடைத்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் உப்புத்தாளே சிலிகானை ஜெல்கோட்டின் கீறல்களுக்குள் அழுத்திவிடும். பரப்பு தூய்மையாகிவிட்டதா என்று அறிய, சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் சீரான படலமாகப் பரவினால் தூய்மை; ஓர் இடத்தில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால், அங்கே இன்னும் சிலிகான் இருக்கிறது. மாஸ்கிங் டேப் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல் எழும்புவதும் அதே அடையாளம்.

எவ்வளவு முயன்றும் போகவில்லை என்றால், போல்ட் பிடித்திருக்கும் சட்டமாக இருக்கும்பட்சத்தில் பியூட்டைலை வைத்து இறுக்கிவிடலாம். அழுத்தத்தால் வேலை செய்யும் பொருள் என்பதால், பரப்பின் சிறு மாசை அது மற்றவற்றைவிடப் பொறுத்துக்கொள்ளும்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): தேக்கில் கட்டிய பழைய மோட்டார் படகு ஒன்றைப் புதுப்பிக்கிறோம். பித்தளைப் போர்ட்ஹோல்களின் பின்னால் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பட்டிதான் இருந்தது. நவீன சீலன்டுக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் அந்தப் பட்டியை இழிவாக எண்ண வேண்டாம். மரப்படகின் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலையில் பஞ்சும் குங்கிலியமும் பலகைகளின் அசைவுக்கு இடங்கொடுத்ததைப் போலவே, எண்ணெய்ப் பட்டியும் காயாமல் இருக்கும் வரை மரத்தின் போக்குக்கு வளைந்து கொடுத்தது. எண்ணெய் வற்றிப் பட்டி சுண்ணாம்பாக உதிரத் தொடங்கிய பின்புதான் கசிவு வந்திருக்கும். மரத்துக்கு வெப்பத்தைவிட ஈரமே பெரிய அசைவைத் தருகிறது: மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும்.

பித்தளையும் தேக்கும் சேரும் இடத்துக்கு பாலிசல்பைடு உகந்தது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் ஊறியிருப்பதால், ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பூச வேண்டும். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மறுபடியும் மேலே வந்துவிடும். தயாரிப்பாளர் தேக்குக்கென்று பிரைமர் சொல்லியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். பலமான பாலியூரித்தேனை வைத்தால், பின்னாளில் போர்ட்ஹோலைக் கழற்றும்போது மரத்தின் நார் பசையோடு உரிந்து வரும். அறுபது எழுபது ஆண்டு வாழ்ந்த தேக்குப் பலகைக்கு அப்படி ஒரு காயத்தை உண்டாக்குவது வருத்தத்துக்குரியது. அதற்கு ஈடாகப் புதிய பலகை இன்று எளிதில் கிடைப்பதுமில்லை.

கேள்வி (கடல்சார் பொறியியல் மாணவர், சென்னை): பெரிய கப்பல்களின் போர்ட்ஹோல்களிலும் இதே சீலன்டுகள்தானா?

பதில்: கப்பலில் சீலன்டின் பங்கு மிகச் சிறியது. சட்டம் பெரும்பாலும் கப்பலின் எஃகுத் தகட்டோடு பற்றவைக்கப்படுகிறது அல்லது போல்ட்டால் பூட்டப்படுகிறது; வலுப்படுத்திய தடித்த கண்ணாடி ரப்பர் கேஸ்கெட்டில் (அழுந்தி அடைக்கும் வளையத்தில்) அமர்கிறது. பாதுகாப்புக்கு முதல் நம்பிக்கை, உட்புறமாகக் கீல் வைத்துப் பொருத்தப்பட்ட டெட்லைட் என்னும் உலோக மூடியின் மேல்தான். கண்ணாடி உடைந்தாலும் அதை மூடிப் பூட்டிவிடலாம். 1966-ஆம் ஆண்டின் சர்வதேச சுமைக்கோட்டு உடன்படிக்கை, பக்கவாட்டுப் போர்ட்ஹோலின் அடிவிளிம்பு கோடைகாலச் சுமைக்கோட்டிலிருந்து (கோடையில் சுமையோடு கப்பல் அமிழலாம் என்ற எல்லைக் கோட்டிலிருந்து) 500 மில்லிமீட்டர் அல்லது கப்பலின் அகலத்தில் 2.5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அந்த உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்கிறது. கப்பல் போர்ட்ஹோல்களுக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 1751, சிறு படகுகளின் சாளரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 12216. இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தால், பலகையின் தடிமன், பிடிமானம், மூடி ஆகியவை எவ்வளவு கவனமாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன என்பது விளங்கும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): திறந்து மூடும் போர்ட்ஹோலை மூடிய பின்னும் கண்ணாடி வளையத்தின் கீழ்ப்புறம் சொட்டுகிறது. ரப்பரின் மேல் சிலிகானைப் பூசிவிடலாமா?

பதில்: வேண்டாம். அது சீலன்ட் வேலையே அல்ல; கேஸ்கெட் வேலை. பூசிய சிலிகான் ஓரிரு முறை திறந்து மூடியதும் உரிந்து, ரப்பருக்குக் கீழே மேடு பள்ளங்களை உண்டாக்கிக் கசிவைப் பெரிதாக்கும்.

முதலில் கப்பல் கதவுகளுக்குச் செய்வது போன்ற சுண்ணக்கட்டிச் சோதனையைச் செய்யுங்கள். ரப்பர் அழுந்த வேண்டிய உலோக விளிம்பு முழுவதும் சாதாரணப் பலகைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, போர்ட்ஹோலை மூடி வழக்கம்போல் இறுக்கித் திறந்து பாருங்கள். ரப்பரின் மேல் வெள்ளைக் கோடு ஒரு சுற்று அறுபடாமல் விழுந்திருக்க வேண்டும். கோடு அறுந்த இடத்தில்தான் தண்ணீர் வருகிறது. கீழ்ப்புறம் மட்டும் அறுந்திருந்தால், பெரும்பாலும் கீல் தேய்ந்து வளையம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், அல்லது இறுக்கும் திருகுகளில் ஒன்று மற்றதைவிடத் தளர்ந்திருக்கும். ரப்பர் அழுந்தி நிரந்தரப் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்றுவதே வழி. வெயிலையும் உப்பையும் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பரை அதே குறுக்களவில் வாங்கி, முனைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்த்து, அந்த இணைப்பை மேற்புறமாக வையுங்கள். கீழே வைத்தால் தேங்கும் தண்ணீர் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். பெயின்ட் அடிக்கும்போது ரப்பரின் மேலும் அது அழுந்தும் விளிம்பின் மேலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கன்னியாகுமரி வாசகர்): சென்ற ஆண்டு வாங்கித் திறக்காமல் வைத்திருந்த பி.யூ. சீலன்ட் டியூபை இப்போது பயன்படுத்தலாமா?

பதில்: உறையில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பாலியூரித்தேன் டியூபுகளுக்குப் பொதுவாக ஓராண்டை ஒட்டியே ஆயுள் தரப்படுகிறது. அதுவும் 25 டிகிரிக்கு உட்பட்ட இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் கிடந்த டியூப் தேதிக்கு முன்பே கெட்டிருக்கும். கையால் அழுத்தும்போது சீராக இளகிக் கொடுக்காமல் உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டால் ஒதுக்கிவிடுங்கள். தேதி தாண்டவில்லை, அழுத்தினால் இளகுகிறது என்றால், தகரத் துண்டின் மேல் ஒரு கோடு இட்டு மறுநாள் பாருங்கள்: தோல் கட்டி, பிசுபிசுப்பு போய், உரித்தால் பற்றிக்கொண்டு வர மறுத்தால் பயன்படுத்தலாம். திறந்த டியூபை மறு சாளரத்துக்கு மிச்சம் பிடித்து வைக்க முயல வேண்டாம். மூக்கில் ஆணியைச் செருகி மூடினாலும் காற்றின் ஈரம் உள்ளே சென்று சில வாரங்களில் இறுக்கிவிடும். இரண்டு மூன்று சாளரங்களைக் கழற்றித் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அதன் பிறகே டியூபை வெட்டுங்கள்.